பெட்டியைத் திறக்கும் நேரம்

இந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். இந்த அறையையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். கிழக்குப் பார்த்த ஜன்னல், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலிலிருந்து இறங்கினால் வழுக்காத தரை என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். என் நாத்தனாருக்கு என்று நினைத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மகள் அதையெல்லாம் எனக்கென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். எண்பதை நெருங்கும் ஒரு பொம்பளையை இத்தனை சுலபமாக ஏமாற்ற முடியுமா என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்யச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், முடியும்.

என் வேலை அது. பெண்கள் பள்ளியோடு சேர்ந்த விடுதி ஒன்றில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வார்டனாக இருந்தேன். சபின் என்ற பெயரைச் சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. விடுதி மதாம் என்றால் தெரியும். இன்றும் நேரு வீதியில் நரைத்த தலையோடு யாராவது ஒருத்தி என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வாள். எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

விடுதியில் சேர்க்கும் நாள் இருக்கிறதே, அதுதான் கஷ்டமான நாள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக எங்கோ இருப்பார். அம்மா பெட்டியும் பிள்ளையுமாக வந்து நிற்பாள். போய்வருகிறேன் என்று பத்துத் தரம் சொல்வாள், பத்துத் தரமும் பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு அலறும். பார்த்துப் பார்த்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளையைக் கட்டிலுக்கு அழைத்துப் போய், பெட்டியைத் திறந்து துணியை அலமாரியில் அடுக்கு என்பேன். பெட்டி என்றால் எந்தப் பிள்ளையும் குனிந்துவிடும். அது குனிந்ததும் நான் கண்ணைக் காட்டுவேன், அம்மா நழுவிவிடுவாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்புறம் அழும், அழட்டும். முதல் மாதம் வீட்டார் யாரும் வந்து பார்க்கக் கூடாது, போனும் கிடையாது. வீட்டுக்குப் போகணும் என்று என்ன காரணம் சொன்னாலும் நான் காதில் வாங்கமாட்டேன். மாதம் முடிந்து அம்மாக்காரி வரும்போது அவள் முன்னாலேயே பிள்ளையிடம் கேட்பேன், பழகிடுச்சா என்று. "பழகிடுச்சு மதாம்" என்று சொல்லும். ஒரு பிள்ளைகூட வேறு பதில் சொன்னதில்லை.

என் மகள் ஜிஸ்லேனையும் அப்படித்தான் சேர்த்தேன். அப்போது அவள் அப்பா அலெக்சி பட்டாளத்தோடு ஜிபூத்தியில் இருந்தார். நான் விடுதியிலேயே வார்டன் அறையில் தங்கியிருந்தேன். அவளை என் அறையில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மதாம் மகளுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா என்று எவளும் வாயைத் திறக்கக் கூடாது, பாருங்கள். ஆகவே பெட்டியைத் திற என்று சொல்லிவிட்டு அம்மாவாக வெளியே போனேன், மணி அடித்ததும் மதாமாக உள்ளே வந்தேன். அவள் அழவேயில்லை. அந்த மாதம் முழுக்க மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்று சாப்பிட்டாள், என்னை மதாம் என்றே கூப்பிட்டாள். மாதம் முடிந்து கேட்டபோது அவளும் பழகிடுச்சு மதாம் என்றாள். டீச்சர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள், ஆனால் 'நீங்க' போகவில்லை. அவளுக்குப் பிறகு பிறந்த மத்தியோ என்னை 'நீ' என்றுதான் பேசுவான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மழையில் நான் தோட்டத்துப் பக்கம் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று, கைத்தடி வந்தது. ஜிஸ்லேன்தான் குளிப்பாட்டினாள், அவள்தான் புடவை கட்டிவிட்டாள். மருமகன் பிரான்சுக்குப் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. பேத்தியும் அங்கேதான், அவளுக்கு இது முதல் பிரசவம். ஜிஸ்லேன் எப்போதோ போயிருக்க வேண்டியவள். எனக்கும் பிரெஞ்சு நேசனாலிட்டி இருக்கிறது, நினைத்தால் நாளைக்கே விமானம் ஏறலாம். ஏறி எங்கே போவது? அங்கே மத்தியோ வீடு லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டேன், போதும். நீ போடி, வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு நான் என் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் ஏஸ்தெல் பேச்சு வந்தது. ஏஸ்தெல், இறந்துபோன என் கணவர் அலெக்சியின் தங்கை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டாள், பாத்திரம் கரியாகி அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். அன்று சாயங்காலம் ஜிஸ்லேன் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தைய இனிமே தனியா விட முடியாதும்மா. நல்ல எடமா ஒன்னு பாக்கணும். நீங்க வந்து பாத்து சொன்னாதான் எனக்கு நம்பிக்கை. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

நான் விழுந்தது இங்கேதான், தோட்டத்தில் அல்ல.

சந்தோஷமாகக் கிளம்பினேன். முதலில் சேதராப்பட்டுப் பக்கம் ஒன்று பார்த்தோம். வரவேற்பறையில் பூச்சாடியும் மீன்தொட்டியும் வைத்திருந்தார்கள். நான் நேராகக் கழிப்பறைக்குப் போனேன். விடுதியைப் பார்க்க வருபவர்களில் விவரமானவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். தரை ஈரமாக இருந்தது. தலையணையை முகர்ந்து பார்த்தேன், பழைய எண்ணெய் வாடை. ஃபாக்டரிப் புகை வேறு ஜன்னல் வழியாக வந்தது. வேண்டாம் என்றேன். அடுத்தது ஊருக்குள்ளேயே, மாடியில் இருந்தது. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து டிவியில் சீரியலை அலற விட்டிருந்தார்கள். நிர்வாகி போனில் பேச வெளியே போன சமயம் ஒரு பெரியவரிடம் சாப்பாடு எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வாசலைப் பார்த்தார். அதையும் தள்ளினேன்.

மூன்றாவது கனகசெட்டிக்குளத்தில். தென்னைகளுக்கு நடுவே ஒரே தளம், படிக்கட்டே கிடையாது. சமையலறையில் அன்றைக்குக் கரைக்கு வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைத் தரை காய்ந்திருந்தது. பொறுப்பாளர் பாக்கியலட்சுமி முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், ஐம்பது வயதுக்காரி, குரலை உயர்த்தாமல் பேசினார். எனக்குப் பிடித்துவிட்டது. இந்த அறைதான் வேண்டும் என்று காட்டினேன். சலவையில் துணி மாறாமலிருக்க எல்லாத் துணியிலும் ஓரத்தில் சிவப்பு நூலால் பெயரைத் தைத்துக் கொண்டுவர வேண்டும் என்று நானே சொன்னேன். எங்கள் விடுதியில் அப்படித்தான். பாக்கியலட்சுமிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நின்றால்தானே. வருகிறவளுக்குப் பிடிவாதம் அதிகம் என்றேன். முதல் மாதம் யாரையும் பார்க்க விடாதீர்கள், போன் கொடுக்காதீர்கள். வீட்டில் அது கிடக்கிறது இது கிடக்கிறது, போயே ஆகணும் என்று ஏதாவது காரணம் சொல்லுவாள், நம்பிவிடாதீர்கள். திட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். பாக்கியலட்சுமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது காரில் ஜிஸ்லேனுக்கும் பாடம் எடுத்தேன். போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நிற்காதே, பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டு நழுவிவிடு என்றேன். அவளுக்குத் தெரியாததா அது.

கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்படி செஞ்சா அவங்களுக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?"

"ஒரு மாசம்தான். அப்புறம் பழகிடும்."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். அன்று நான் வேறு பதில் சொல்லியிருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்று சில நாள் தோன்றும். சில நாள், அதெல்லாம் இல்லை, அவள் முன்பே முடிவு பண்ணிவிட்டாள் என்று தோன்றும்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் தன் அறையில் உட்கார்ந்து சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தை துணிக்கு என்றாள். கண் வலிக்கப்போகிறது, விளக்கைப் போட்டுக்கொள் என்று நானே சொன்னேன். என் அலமாரியில் நாலைந்து புடவை குறைந்திருந்தது. சலவைக்குப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போகிற நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே வைத்திக்குப்பத்து மீன்காரி பச்சையம்மாள் கூடையோடு வாசலுக்கு வந்தாள். நல்ல சங்கரா கிடைத்தால் எடுத்து வை, மதியத்துக்குள் வந்துவிடுவேன், வந்துதான் குழம்பு என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். வழியில் ஏஸ்தெலை ஏற்றிக்கொண்டோம். பின்னால், என் ஆபரேஷனுக்கு வந்தபோது மத்தியோ விட்டுப்போன பெரிய நீலப் பெட்டி இருந்தது.

ஏஸ்தெல் வழியெல்லாம் அழுதாள். பாவம், எல்லாம் தெரிந்துதான் வருகிறாள் என்று எனக்கு மனசு இளகியது. கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே மீன் நன்றாக இருக்கும், மாதம் போனதும் நான் வந்து பார்ப்பேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என் கையை இறுக்கினாள்.

"எம்மேல கோவப்படாதீங்க அண்ணி."

ஏதோ பழைய சண்டையை நினைத்துச் சொல்கிறாள் என்று எண்ணினேன். உன்மேல் எனக்கு என்ன கோபம், பைத்தியம் என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல வருகிறது.

அறைக்கு வந்ததும் ஜிஸ்லேன் பெட்டியைக் கட்டில்மேல் வைத்தாள். அத்தையை ஆபீசில் கேட்கிறார்களாம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்களே திறந்து அடுக்கிவிடுங்கள், உங்களை மாதிரி எனக்கு அடுக்க வராது என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டியவள் ஏஸ்தெல் அல்லவா, இவள் எல்லாவற்றையும் மாற்றிச் செய்கிறாளே, சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீணா என்று நினைத்தேன். ஏஸ்தெல் முன்னால் சொல்லவும் முடியாது. சரி போ என்று தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தேன்.

மேலாக என் ஊதாப் பூப்போட்ட வாயில் புடவை இருந்தது. அதன் கீழே என் நைட்டிகள், என் மாத்திரை டப்பா, என் பழைய மூக்குக்கண்ணாடி. ஒரு துண்டில் சுற்றி, பட்டாள உடுப்பில் அலெக்சி நிற்கிற போட்டோ. முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தக் கழுதை பெட்டியை மாற்றி எடுத்துவந்துவிட்டாள் என்றுதான். திட்டுவதற்கு வாயைக்கூடத் திறந்தேன். அப்போது புடவை ஓரத்தில் சிவப்பாக ஏதோ கண்ணில் பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சபின் என்று தைத்திருந்தது. அடுத்த புடவையில் பார்த்தேன், அதிலும் சபின். நைட்டியில், துண்டில், உள்பாவாடையில், எல்லாவற்றிலும் என் பெயர். தையல் அத்தனை நேர்த்தி. நான் சொல்லிக்கொடுத்த தையல்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. தடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவதற்குள் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

நடக்க முடிந்த வேகத்தில் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டான், திறக்கவில்லை. பாக்கியலட்சுமி பின்னாலேயே வந்தார். என் மகளைக் கூப்பிடுங்கள், போனைக் கொடுங்கள் என்றேன். அவர் கோபமே இல்லாமல் என் தோளைத் தொட்டார்.

"ஒரு மாசம் போவட்டும் மதாம். நீங்கதான சொன்னீங்க."

நான் எனக்காகச் சொல்லவில்லை, என் நாத்தனாருக்குச் சொன்னேன் என்று கத்தினேன்.

"உங்க பொண்ணு எல்லாம் சொன்னாங்க. தனக்குன்னு சொல்ல அம்மாவுக்குக் கூச்சம், அதான் அத்தைக்குன்னு சொல்லிப் பாக்கறாங்கன்னு. இங்க நெறைய பேரு அப்படித்தான் மதாம் வருவாங்க. தப்பு ஒன்னும் இல்ல."

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? என்ன சொன்னாலும் அது கூச்சத்தில் போய்ச் சேர்ந்தது. கடைசியில், வைத்திக்குப்பத்தில் சங்கரா சொல்லி வைத்திருக்கிறேன், பச்சையம்மாள் எனக்காகக் காத்திருப்பாள், நான் போயே ஆகணும் என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. பாக்கியலட்சுமி முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் எதிர்பார்க்கச் சொன்ன காரணம் வந்துவிட்டது என்ற சிரிப்பு. தமிழில் திட்டினேன், போதாமல் பிரெஞ்சிலும் திட்டினேன். அவர் அதே சிரிப்போடு போய்விட்டார். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

வெயில் சாயும்வரை கேட்டருகில் நின்றேன். சாப்பாடு ஆறுது மதாம், வாங்க என்று பாக்கியலட்சுமி வந்து கூப்பிட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஏஸ்தெல் கையில் ஒரு டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாட்ச்மேன் ஏதோ சொன்னான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கேட்டைத் திறந்து விட்டிருந்தாலும் நான் பேசியிருக்கமாட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். மத்தியோவுக்கும் தெரிந்திருக்கிறது. நீலப் பெட்டியை எதற்கு விட்டுப்போகிறாய் என்று அன்று நான் கேட்டதற்கு, இருக்கட்டும்மா, உதவும் என்றான். என் ரத்தம் மொத்தமும் கூடிப் பேசி என்னை இங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கிறது.

இடம் நல்ல இடம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மீன் குழம்பில் குறை சொல்ல வழியில்லை. சலவையில் இதுவரை ஒரு துணி மாறவில்லை. காலையில் வெயில் நேராகக் கட்டிலுக்கு வருகிறது. குறை இருந்தால் அதைச் சொல்லியாவது சண்டை பிடிக்கலாம். தேர்ந்தெடுத்தவள் நானாயிற்றே.

அம்மா, என்னால் முடியவில்லை, நீங்கள் அங்கே போய்த்தான் இருக்கணும் என்று ஜிஸ்லேன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். கைக்குக் கிடைத்ததை எறிந்திருப்பேன். ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்திருப்பேன். கடைசியில் வந்தும் இருப்பேன், யார் கண்டது. அந்தச் சண்டையைப் போட எனக்கு உரிமை இருந்தது. பத்து வயசுப் பிள்ளைக்குச் செய்வதை எனக்குச் செய்துவிட்டாள். அன்று அவள் அழாததைப் பார்த்து, பெண்ணுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்துதான் இருக்கிறது. ஒன்றுகூட விட்டுப்போகாமல் புரிந்து வைத்திருக்கிறாள்.

மாதம் முடிந்த அன்று பாக்கியலட்சுமி போனோடு அறைக்கு வந்தார். பிரான்சிலிருந்து பொண்ணு, வீடியோவில் வந்திருக்காங்க என்று என் முன்னால் பிடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் பார்த்துவிட்டேன். கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், இளைத்திருந்தாள். பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். காட்டட்டுமா என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிறகு, இவ்வளவு தூரத்திலிருந்து, குரலை மெதுவாக்கிக்கொண்டு கேட்டாள்.

"பழகிடுச்சாம்மா?"

பக்கத்தில் பாக்கியலட்சுமி சிரித்த முகமாக நின்றார். என் மனதில் எத்தனையோ இருந்தது, ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"பழகிடுச்சு மதாம்" என்றேன்.

திரையில் ஜிஸ்லேன் முகம் அப்படியே நின்றது. லைன் நின்றுவிட்டதோ என்று பாக்கியலட்சுமி போனைத் தட்டிப் பார்த்தார். லைன் நிற்கவில்லை, அவள் கண்ணை இமைத்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அழாத பெண் இன்று அழுதாள். நான் போனைப் பாக்கியலட்சுமி பக்கம் நகர்த்திவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.